சின்ன எழுத்தில் உன் பெயர்

பழைய சர்வரை இன்று காலை கழற்றி எடுத்துப் போனார்கள். அது இருந்த மூலையில் ஒரு முறம் தூசி. அதில் பாதி, உன் நாற்காலி முதுகில் தொங்கும் மெரூன் ஸ்வெட்டரின் மேல் வந்து படிந்துவிட்டது. சரி, துவைத்தாவது வைக்கலாம் என்று எடுத்தேன். தைலம் மணத்தது. ஒன்றரை வருஷம் ஆகியும் அந்த வாசனை போகவில்லை. பையில் கைவிட்டால், மூடி சரியாகத் திருகாத குட்டிப் பாட்டில் ஒன்று இருந்தது. உன் வேலைதான், எதையும் சரியாக மூட மாட்டாய். நான் ஸ்வெட்டரைத் துவைக்கவில்லை. உதறிவிட்டுத் திரும்ப அங்கேயே மாட்டினேன்.

"மெசினுக்குப் போட்ட ஏ.சி.யில நாம ஓசியில நடுங்கறம்டி" என்பாய். காரிமங்கலம் சந்தையில் நாம் இரண்டு பேரும் போய் வாங்கிய ஸ்வெட்டர் அது. தருமபுரி வெயிலில் பஸ் இறங்கி வந்து ஸ்வெட்டர் மாட்டுகிற ஒரே ஆள் நீதான் என்று கீழே நர்ஸுகள் சிரிப்பார்கள். இப்போது ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் நான் ஒருத்திதான் நடுங்குகிறேன். உன் இடத்துக்கு ஆள் போடவில்லை. இவள் ஒருத்தியே சமாளிக்கிறாளே என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். காலையில் கதவைத் திறந்தால் சாயங்காலம் பூட்டும்வரை ஃபோன் அடித்தால்தான் எனக்கு வாய் திறக்க வேலை. வீட்டுக்குப் போனாலும் அதே கதை. தம்பி ஓசூரில் இருக்கிறான், அம்மா அவனோடு போய்விட்டாள். குக்கர் விசில் சத்தத்தை எல்லாம் ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டேன். கேட்டால் நீ சிரிப்பாய். சிரி, பரவாயில்லை.

உனக்கு ஒரு சேதி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் டேட்டாபேஸில் பெயர்க் கட்டத்தின் கொலேஷனை மாற்றிவிட்டேன். ஒரு டேபிளில் மட்டும் இல்லை, எல்லா டேபிளிலும், ஒரே ஞாயிற்றுக்கிழமையில். நீ கேட்டது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதைக் கொடுக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அந்த அமைப்பை ஆரம்பத்தில் வைத்தது நான்தான், உனக்குத் தெரியும். டேட்டாபேஸை உருவாக்கும்போது எழுத்துகளை எப்படி ஒப்பிட வேண்டும், எப்படி வரிசைப்படுத்த வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பெயர்தான் கொலேஷன். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றா, வேறா என்பதும் அதில் அடக்கம். எங்கோ படித்திருந்தேன், ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருக்கும் எண்ணை அப்படியே ஒப்பிடுவதுதான் வேகம் என்று. அது உண்மையும்கூட. அந்த வேகத்துக்கு ஆசைப்பட்டு, இரண்டும் வேறு என்று வைத்துவிட்டேன். பெரிய எழுத்தில் போட்ட முனியம்மாளும் சின்ன எழுத்தில் போட்ட முனியம்மாளும் அதன் கணக்கில் இரண்டு பேர்.

நம் ஓ.பி. அக்காவை நான் யோசிக்கவே இல்லை. பதிவு ஜன்னலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு ஓ.பி. சீட்டு போடும் அக்கா. ஊரெல்லாம் ஆங்கிலத்தில் பெயர் அடித்தால் ஒரு முறையில் அடிக்கும். அக்காவுக்குத் தனி முறை. ஒருநாள் நான் கீழே போய், "எல்லாப் பேரையும் ஒரே மாதிரி போடுங்கக்கா" என்று சொன்னதற்கு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தது நினைவிருக்கிறதா?

"அதெப்படி கண்ணு ஒரே மாதிரி போடறது? வயசானவங்க பேரைப் பெருசாத்தான் போடணும். கொழந்தைங்கன்னா சின்னதா போடுவன். நம்ம வயசுக்காரங்களுக்கு மொத எழுத்து மட்டும் பெருசு. பெரியவங்க பேரைப் போயி சின்ன எழுத்துல போட்டா நல்லாவா இருக்குது?"

மத்தியானம் வருகிற பெண்ணுக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. கீபோர்டில் ஷிஃப்ட் கட்டை இறுகிக் கிடக்கிறது என்று எல்லாரையும் சின்ன எழுத்திலேயே அடிப்பாள். ஆகக் காலையில் வந்த பெரியவர் ஒருவராகவும், மாலையில் வந்த அதே பெரியவர் இன்னொருவராகவும் இருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீதான் மாடிப்படியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"அதுல என்னாடி தப்பு? நாம வாயில 'ங்க' போடறம். அந்தக்கா கையில போடுது."

நான் சிரிக்கவில்லை. அன்றே உட்கார்ந்து ஒரு ஒட்டுப் போட்டேன். தேடும்போது, டேபிளில் இருக்கிற ஒவ்வொரு பெயரையும் சின்ன எழுத்துக்கு மாற்றி, அதன்பிறகு ஒப்பிடும்படி எழுதினேன். விடை சரியாக வந்தது. ஆனால் இண்டெக்ஸ் செத்துப்போனது. பெயர்கள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே அடுக்கிக் கட்டிய இண்டெக்ஸ் அது. மாற்றி எழுதிய பெயரை அதில் எங்கே போய்த் தேடுவது? ஒவ்வொரு தேடலுக்கும் லட்சக்கணக்கான பெயர்களை முதலிலிருந்து கடைசிவரை மாற்றிப் பார்த்துக்கொண்டு சர்வர் முனகியது.

நீ ரெக்கார்டு ரூமைக் காட்டிச் சொன்னாய். "அங்க ஃபைலெல்லாம் ஒழுங்கா அடுக்கி வச்சிருக்குது. நீ என்னா பண்ற? ஒரு ஃபைலு வேணும்னா, மொத்த ஃபைலையும் எறக்கி, ஒவ்வொண்ணா தூசி தட்டிப் பேரு பாக்கற. அப்பறம் மெசினு சரியில்லன்னு திட்டற."

திட்டத்தான் செய்தேன். மெமரி போதவில்லை, கேபிள் சரியில்லை, என்னென்னவோ சொன்னேன். நீ எண்ணினாய். உங்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஏறினால் தமிழ், இறங்கினால் கன்னடம் என்று இருந்தவள் நீ. பெயரை அடித்து என்டரைத் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே எண்ணுவாய். ஒந்து, எரடு, மூரு, நாலக்கு. சாதாரண நாளில் ஹன்னெரடு வரைக்கும் போகும். பன்னிரண்டு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஐந்து ஜன்னலிலும் ஒரே நேரத்தில் தேடினால் இப்பத்தைத் தாண்டிவிடும். இருபதைத் தாண்டினால் உனக்கு எண்ண அலுத்துவிடும், "சாகட்டும் விடு" என்று தைலத்தை எடுப்பாய். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்த எண்ணிக்கையைக் கேட்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

ஜன்னலில் நிற்கிறவர்களுக்கு அந்த இருபது பெரிய இருபது. பொம்மிடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த அம்மா நம்பர் போட்ட சீட்டைத் தொலைத்திருப்பார். பின்னால் முப்பது பேர். அக்கா எவ்வளவு நேரம்தான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்? "புதிய பதிவு" பட்டனை அழுத்திவிடுவார். அந்த அம்மாவுக்கு இரண்டாவது நம்பர், அடுத்த முறை மூன்றாவது நம்பர். சர்க்கரை ஒரு நம்பரில், ஆபரேஷன் ஒரு நம்பரில், ஒத்துக்கொள்ளாத மருந்து ஒரு நம்பரில். ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகக் கூடாது என்று பெயர், தகப்பன் பெயர், ஊர், பிறந்த வருஷம் நான்கையும் சேர்த்து ஒரு பூட்டுப் போட்டிருந்தேன். பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு என்ற பிறகு அந்தப் பூட்டு யாரைத் தடுக்கும்?

"பேரு இருக்கற கட்டத்துக்கு மட்டும் மாத்திடலாம்டி. பெருசும் சின்னதும் ஒண்ணுன்னு வச்சிடலாம். லேப் சாம்பிள் நம்பரு, பாஸ்வேர்டு எல்லாம் இருக்கறபடியே இருக்கட்டும், அங்க வேறவேறயாத்தான் இருக்கணும். ஒரு ஞாயித்துக்கெழம குடு, இண்டெக்ஸைத் திரும்பக் கட்டிடறன்."

நான் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி நின்றுபோகும் என்றேன். இரட்டைப் பதிவுகள் வெளியே வந்தால் யார் சேர்ப்பது என்றேன். உண்மையில் நான் வைத்த அமைப்பு தப்பு என்று ஒத்துக்கொள்ள மனமில்லை, அவ்வளவுதான்.

பொறுத்துப் பார்த்து, ஒருநாள் நீயே கை வைத்தாய். நோயாளி டேபிளை மட்டும் என்னிடம் சொல்லாமல் மாற்றினாய். தேடல் பறந்தது. ஆனால் லேப் டேபிளிலும் பெயர் இருந்தது, அதைப் பெயரால்தான் நோயாளி டேபிளோடு சேர்த்திருந்தோம். ஒரு பக்கம் ஒரு கொலேஷன், மறுபக்கம் வேறு என்றால் இரண்டையும் சேர்க்கும்போது ஒவ்வொரு வரியையும் மாற்றி மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். லேப் ரிப்போர்ட் எல்லாம் தவழ ஆரம்பித்தது. பத்து மணிக்கு லேப் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் கீழே வந்து, அந்தக் கூட்டத்துக்கு முன்னால், ஓ.பி. அக்காவுக்கு முன்னால், உன்னைத் திட்டினேன்.

"ஒனக்கு இது வெளாட்டா இருக்குதா? இனிமே என்னைக் கேக்காம எதுலயும் கைய வைக்காதே."

நீ மெதுவாகத்தான் சொன்னாய். "பாதி மாத்துனதுதான் தப்பு. முழுசா மாத்துனா சரியாயிடும்."

"நீ ஒண்ணும் மாத்த வேணாம்."

மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன். நீ சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எனக்குப் பாதி வைத்தாய், ராகிக் களியும் கீரையும். இரண்டு நாளில் நாம் பழையபடி பேசிக்கொண்டோம். ஆனால் கொலேஷன் என்ற வார்த்தையை அதற்குப் பிறகு நீ எடுக்கவே இல்லை. எண்ணுவதையும் விட்டுவிட்டாய். என்டரைத் தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை நீ லீவு சொல்லியிருந்தாய். லேசாக மூச்சு வாங்குது, நாளைக்கு வரேன் என்று காலையில் ஃபோன். பதினோரு மணி சுமாருக்கு என் திரையில் புதுப் பதிவுகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெயர் வந்தது. முழுக்கப் பெரிய எழுத்தில். தகப்பன் பெயர், ஊர், பிறந்த வருஷம், எல்லாம் நீதான். புதிய பதிவு என்று இருந்தது.

நான் படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. உன்னைப் பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். டியூட்டி டாக்டர் அவரிடம், "இவங்களுக்கு முன்னாடி என்ன பிரச்சினை? எதாவது மருந்து சாப்பிடறாங்களா?" என்று கேட்கக் கேட்க, அவர் "தெரியலிங்களே சார்" என்று கையைப் பிசைந்தார். எனக்குத் தெரியும். டேட்டாபேஸுக்கும் தெரியும். முதல் வாரத்தில் மாதிரிக்கு ஒரு பதிவு போட வேண்டியிருந்தபோது, "எதுக்குப் பொய்ப் பேரு? நானே இருக்கறன்ல" என்று உன் விவரத்தையே உண்மையாக அடித்தவள் நீ. சின்ன வயதுக் காய்ச்சலில் இதய வால்வு சுருங்கிப்போனது, சாப்பிடும் மாத்திரை, வருஷா வருஷம் இங்கேயே எடுத்த எக்கோ ஸ்கேன், எல்லாம் அந்த நம்பரில் இருந்தன. பெயரை முழுக்கச் சின்ன எழுத்தில் போட்டிருந்தாய். "எனக்கென்னாத்துக்கு மரியாத?"

நான் மனப்பாடமாக வைத்திருந்த அந்த நம்பரைச் சொன்னேன். டாக்டர் திறந்து படித்தார். நீ வந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. சாயங்காலத்துக்குள் நீ போய்விட்டாய்.

பத்து நாள் கழித்து அந்த டாக்டரிடம் போய்க் கேட்டேன். "முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் பெருசா ஒண்ணும் மாறியிருக்காதும்மா. அவங்க வரும்போதே லேட்டு" என்றார். நல்ல மனுஷர், எனக்காகச் சொல்லியிருக்கலாம். அந்த "பெருசா" என்ற ஒரு சொல்லை ஒன்றரை வருஷமாக மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த அமைப்பில் கை வைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. இப்போது மாற்றினால், அன்றே மாற்றியிருக்கலாம் என்று ஆகிவிடும் அல்லவா?

போன மாதம் புது சர்வர் வந்தபோது வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தனியாக வந்து உட்கார்ந்தேன். நீ சொன்ன வரிசையிலேயே செய்தேன். லேப் டேபிளை மறக்கவில்லை. கொலேஷனை மாற்றி, இண்டெக்ஸைக் கட்டச் சொன்னதும் மறுத்துவிட்டது. அந்தப் பூட்டு இப்போதுதான் பூட்டாகியிருந்தது. இத்தனை காலம் இரண்டு பேராக இருந்தவர்கள் ஒரே ஆளாகி வரிசையில் வந்து நின்றார்கள். அந்தப் பட்டியலை எடுத்து வைத்து, பூட்டு இல்லாமல் தேடலுக்கு மட்டும் இண்டெக்ஸைக் கட்டிவிட்டு வந்தேன். பிறகு மூன்று வாரம், தினமும் மத்தியானம் கூட்டம் குறைந்தபின் ஓ.பி. அக்கா மேலே வந்தார். எந்த முனியம்மாள் எந்த ஊர், யாருக்கு யார் என்று அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொருவராகச் சேர்த்தோம். அவர் உன் நாற்காலியில் உட்காரவில்லை. ஸ்டூல் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

உன் பெயர் நேற்று வந்தது. மேலே ஒன்று சின்ன எழுத்தில், கீழே ஒன்று பெரிய எழுத்தில்.

"அது என்னோட வயசுக்குச் சின்னப் பொண்ணுதான்" என்றார் அக்கா. "மொகத்தைப் பாத்ததும் கை தானா பெருசா போட்டுச்சு கண்ணு. ஏன்னு தெரியல." பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "தேடத்தான் தேடனன். சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஸ்ட்ரெச்சர்காரங்க அவசரப்படுத்தறாங்க. மேல ஒனக்கு ஃபோன் போடவும் தோணல. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா பழைய நம்பரு வந்திருக்கும்ல? நான் பொறுக்கல. இத யாருகிட்டயும் சொல்லல."

இத்தனை நாள் அந்த அக்கா கீழேயும் நான் மேலேயும் ஒரே கல்லைச் சுமந்திருக்கிறோம், ஒரே கட்டடத்தில், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல். நீ இருந்திருந்தால் இது இரண்டாம் நாளே உடைந்திருக்கும்.

"உங்க தப்பு இல்லக்கா" என்றேன். "அது சுத்துனதுக்குக் காரணம் நான். அவ மாத்தலாம்னு எத்தனையோ தடவ சொன்னா. நான் உடல. லேப் வாசல்ல வச்சு நான் அவளத் திட்டுனது ஞாபகம் இருக்குதுங்களா? அதுக்குத்தான்."

அக்கா என்னைக் கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ள அன்னிக்கும் ஒனக்குத்தான் சோறு வச்சுது, நான் பாத்தன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நன்றாக அழுதேன், மூக்கு ஒழுக, அக்காவின் தோளில்.

உன் நம்பரையே வைத்தேன், நீ போட்ட முதல் நம்பர். பெயரை எப்படி வைப்பது என்று அக்காவைக் கேட்டேன். "அது போட்டபடியே இருக்கட்டும்" என்றார். அந்தத் திங்கட்கிழமையையும் அதன்கீழ் கொண்டுவந்து சேர்த்தேன். இறந்தவர் என்று குறிக்கும் கட்டம் ஒன்று பாக்கி. அதைக் குறித்தால் அந்தப் பெயர் ஜன்னல் தேடலில் வராது. அப்படி எழுதியதும் நான்தான். அக்காவைக் கீழே அனுப்பிவிட்டு, குறிப்பதற்கு முன்னால் ஒரு தடவை உன் பெயரைத் தேடினேன். வேண்டுமென்றே பெரியதும் சின்னதும் கலந்து, கன்னாபின்னாவென்று அடித்தேன். என்டரைத் தட்டி, கையைக் கட்டிக்கொண்டு, ஒந்து என்று ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டாய். ஒரே வரி, ஒரே ஆள்.

பிறகு அந்தக் கட்டத்தைக் குறித்தேன். மறுபடியும் அடித்தேன். ஒந்து. அதே வேகத்தில், பதிவு எதுவும் இல்லை என்று வந்தது.

நான் நிறுத்தவில்லை. எரடு, மூரு, நாலக்கு. விடை வந்துவிட்ட திரையைப் பார்த்துக்கொண்டு, உன் நாற்காலிக்குக் கேட்கும்படி சத்தமாக, ஹன்னெரடு வரைக்கும் எண்ணி முடித்தேன்.